செத்துச் செத்துப் பிழைத்த செற்: கிளிநொச்சிப் பட்டறையில் ஒரு கேடிஎச் வானின் பழுது ஆய்வு

விசுவமடுவிலிருந்து ஓர் அண்ணை தன் டொயோட்டா கேடிஎச் வானைப் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது பின்னேரம் ஐந்து மணி இருக்கும். இறங்க முன்னமே சொன்னார்: "தம்பி, செற் செத்துச் செத்துப் பிழைக்குது. இது மூண்டாவது செற். இனியும் மாத்த என்னட்டக் காசில்லை."

செற் என்றால் வானில் பாட்டும் ரேடியோவும் போடும் பெட்டி. அவர் சொன்னதிலேயே பாதி விடை இருந்தது. ஒரு செற் பழுதாகலாம். மூன்று செற் ஒரே வானில் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே மாதிரிப் பழுதாகாது. வானுக்குள் இருக்கிற ஏதோ ஒன்றுதான் மூன்றையும் ஒரே விதமாகப் படுத்தியிருக்க வேண்டும். கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவு என்று வன்னி முழுக்க ஓடும் ஹயர் வான்களில் இதே முறைப்பாட்டை வருடத்துக்குப் பல தடவை பார்க்கிறேன். அநேகமாக எல்லோரும் முதலில் செற்றை மாற்றிவிட்டுத்தான் வருகிறார்கள். அந்தக் காசு வீணாகப் போவதைப் பார்க்க எனக்கு மனம் கேட்பதில்லை. அதனால்தான் இந்த ஒரு வண்டியின் கதையை அளவுகளோடு முழுதாக எழுதுகிறேன்.

இந்த அண்ணைக்கு வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் ஓட்டம், ஓகஸ்ட்டில் மடுத் திருவிழா, இடையிடையே வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை ஏற்றக் கட்டுநாயக்க விமான நிலையம். கட்டுநாயக்க ஓட்டம் என்றால் இரவோடு இரவாக முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். பின்னால் சனமெல்லாம் நித்திரை. ஓமந்தை தாண்டி மதவாச்சிப் பக்கம் இருட்டுக்குள் போகும்போது ஓட்டுகிறவருக்குத் துணை அந்தப் பாட்டுத்தான். "செற் நிண்டா எனக்குக் கண் சொருகுது தம்பி" என்றார். அதற்குப் பிறகு இதைச் சின்ன வேலை என்று எப்படி நினைப்பது?

கதைத்து அறிந்தது

வோல்ற் அளக்கும் மீற்றரைக் கையில் எடுக்க முன் கால் மணித்தியாலம் கதைத்தேன். ஜப்பானிலிருந்து வந்தபோது வானில் இருந்த செற் அங்குள்ள எஃப்எம் அலைவரிசைக்குச் செய்தது. அது 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். நம் நாட்டு வானொலிகள் 87.5 முதல் 108 வரை பரந்து கிடப்பதால் அதில் ஒன்றிரண்டு நிலையங்களுக்கு மேல் வராது. அது ஒரு பழுதும் இல்லை. அதைக் கழற்றிவிட்டு ஒரு கடையில் பெரிய திரை வைத்த அன்ட்ரொயிட் செற் ஒன்று பூட்டியிருக்கிறார். மூன்றில் முதலாவது அதுதான். அதே நாளில் முன்விளக்கையும் எல்இடிக்கு மாற்றியிருக்கிறார். ஒரு மாதம் போல நன்றாகப் பாடியிருக்கிறது. பிறகு தொடங்கியது சில்லெடுப்பு.

சத்தத்தைக் கூட்டினால், தவில் அடி ஒன்று பலமாக விழுகிற இடத்தில் செற் அணைந்து, கொம்பனிச் சின்னம் காட்டி மறுபடி எழும்பும். வேகம் பிடிக்கப் பிடிக்க "ஈ…" என்று ஒரு மெல்லிய இரைச்சல் கூடவே ஏறும். சாவியை எடுத்தால் மணிக்கூடும் சேமித்த நிலையங்களும் அழிந்துபோகும். பள்ளம் திட்டியில் பின் வலது ஸ்பீக்கர் கரகரக்கும். எஃப்எம் மட்டும் ஓர் ஒழுங்கோடு கெட்டது: கொக்காவில் பக்கம் தெளிவு, புதுக்குடியிருப்பில் இரைச்சல். அதைக் கேட்ட ஒருவர் "இது சிக்னல் பிழை, ஒண்டும் செய்யேலாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இந்தக் கடைசி விசயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மாங்குளத்துக்கு வடக்கே ஏ9 வீதியோரம் கொக்காவிலில் 2011 இல் திறந்த ஒலிபரப்புக் கோபுரம் இருக்கிறது. அதன் கிட்ட அலை பலமாக இருப்பதால், வண்டிக்குள்ளேயே உண்டாகிற இரைச்சலையும் அது அமுக்கிவிடும். தூரம் போகப் போக அலை மெலியும், உள்ளே இருந்த இரைச்சல் மேலே வரும். ஆகவே கோபுரத்தடியில் தெளிவாக இருப்பதை வைத்து வண்டியில் பழுதில்லை என்று சொல்ல முடியாது. அப்படிச் சொன்னவருக்கு அவருடைய காதே பிழையான சாட்சி சொல்லியிருக்கிறது.

இன்னொன்றும் கேட்டேன்: "முதல் செற் இப்ப எங்க?" தருமபுரத்தில் மைத்துனரின் ஓட்டோவில் பூட்டியிருக்கிறதாம். எப்படிப் பாடுகிறது? "அது நல்லாத்தான் பாடுது." பழுது என்று கழற்றிய சாமான் இன்னொரு வண்டியில் நன்றாகப் பாடுகிறது என்றால், அதற்குப் பிறகு செற்றைச் சந்தேகிக்க நியாயமில்லை. ஆனாலும் மூன்றாவதைக் கழற்றி மேசையில் வைத்து, தனிப் பற்றரியும் வேறு ஸ்பீக்கரும் கொடுத்து ஒரு மணித்தியாலம் சத்தமாகப் பாடவிட்டேன். ஒரு தடவையும் அணையவில்லை. செற் வழக்கிலிருந்து விடுதலை.

மீற்றர் சொன்னது

இரைச்சல் எஞ்சினோடு சேர்ந்து ஏறியதால் எனக்கு முதலில், எஞ்சின் ஓடும்போது பற்றரிக்கு மின்சாரம் ஏற்றும் ஒல்ரனேற்றரில்தான் சந்தேகம் விழுந்தது. அதன் உள்ளே உள்ள டயோட் ஒன்று போனால் இப்படித்தான் கேட்கும். பற்றரியில் நிறுத்தியபடி 12.5 வோல்ற், ஓடும்போது 14.1. ஏசியும் முன்விளக்கும் போட்டால் 13.9. மீற்றரை மாறுமின் அளவுக்குத் திருப்பி அதே முனைகளில் வைத்தேன், 0.03 வோல்ற். அது 0.1 ஐத் தாண்டினால்தான் டயோட்டைப் பார்க்க வேண்டும். ஒல்ரனேற்றர் சுத்தம்.

அடுத்தது செற்றின் முதுகு. செற் அணைந்திருக்க, மின்சாரம் வரும் மஞ்சள் வயருக்கும் அது திரும்பிப் போகும் கறுப்பு வயருக்கும் இடையில் 12.4 வோல்ற். முன்பு பார்த்தவர்களும் இதைத்தான் அளந்திருப்பார்கள். சிலர் ரெஸ்ற் லாம்பின் ஒரு முனையைக் கதவு இரும்பில் கொழுவி மற்றதை மஞ்சளில் வைத்திருப்பார்கள், பல்ப் எரிந்திருக்கும். "கரண்ட் வருது, செற்தான் பிழை" என்று முடிவெடுத்திருப்பார்கள்.

வேலை பழகுகிற தம்பிமாருக்கு இந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மீற்றர் தனக்கென்று எடுக்கும் மின்சாரம் ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். வயரில் ஒரேயொரு நார் மிச்சம் இருந்தாலும் அது 12 வோல்ற் காட்டும். இரணைமடு வாய்க்காலைப் பாருங்கள். வயல் வாசலில் கதவு மூடியிருக்கும்வரை வாய்க்காலில் தண்ணீர் மட்டமாக நிறைந்துதான் நிற்கும், நடுவில் சல்வீனியாக் களை அடைத்திருந்தாலும். கதவைத் திறந்து தண்ணீர் ஓடத் தொடங்கினால்தான் அடைப்பு எங்கே என்று தெரியும். அதே மாதிரி, செற் பாடிக்கொண்டு மின்சாரம் இழுக்கும்போது அளக்க வேண்டும்.

எஞ்சினை ஸ்ராட் பண்ணி, செற்றைப் போட்டு, தவில் நாதஸ்வரம் ஒன்றைச் சத்தமாக ஓடவிட்டேன். செற் இழுத்தது 3.5 அம்பியர் அளவு. பற்றரியில் 13.9 வோல்ற். செற்றின் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையில் 10.2. நடுவில் 3.7 வோல்ற் எங்கேயோ தொலைகிறது. தவில் அடி விழும்போது இன்னும் கீழே இறங்கி, செற் தன்னைத் தானே அணைத்துக்கொள்கிறது. அண்ணை சொன்ன "செத்துப் பிழைத்தல்" இதுதான்.

எந்தப் பக்கம் தொலைகிறது என்று பார்க்க இரண்டு அளவு போதும். பற்றரியின் பொசிற்றிவ் முனையில் மீற்றரின் ஒரு முள், செற்றின் மஞ்சளில் மற்ற முள்: 0.9 வோல்ற். பற்றரியின் நெகற்றிவ் முனையில் ஒன்று, செற்றின் கறுப்பில் மற்றது: 2.8 வோல்ற். எர்த் என்பது மின்சாரம் வான் உடல் வழியாகப் பற்றரிக்குத் திரும்பும் பாதை. நல்ல எர்த் என்றால் அங்கே 0.1 க்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் 3.7, கணக்குச் சரி. மூன்று செற்றுக்கும் காசு கொடுக்கவைத்தது அந்த 2.8.

அன்ரெனாவைக் கழற்றியபோது

எஃப்எம் இரைச்சல் வெளியிலிருந்து வருகிறதா உள்ளேயிருந்தா என்று பார்ப்பதற்காக, பாடிக்கொண்டிருந்த செற்றிலிருந்து அன்ரெனா வயரை இழுத்தேன். இரைச்சல் மாறும் என்று நினைத்தேன். செற் பட்டென்று அணைந்துபோனது. திரும்பச் செருகினேன், சின்னம் காட்டி எழும்பியது. இன்னொரு தடவை இழுத்தேன். அணைந்தது.

அண்ணை "என்ன தம்பி, ரேடியோ வயரிலயோ கரண்ட் வருது?" என்று கேட்டார். சரியான கேள்வி. வருவது அதிலே இல்லை, திரும்பிப் போவது அதிலே.

அன்ரெனா வயர் என்பது நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி மெல்லிய பின்னல் உறை. அந்த உறை ஒரு பக்கம் செற்றின் உடலோடும், மறு பக்கம் அன்ரெனாவின் அடியில் வான் உடலோடும் தொடுகிறது. செற்றின் கறுப்பு வயருக்கு உண்மையான எர்த் இல்லாததால், முழு மின்சாரமும் அந்தப் பின்னல் வழியாகத்தான் வீடு திரும்பிக்கொண்டிருந்தது. அலை பிடிக்கச் செய்த பாதையில் 3.5 அம்பியர். 2.8 வோல்ற் இழப்பு என்றால் 0.8 ஓம் தடை, ஏறக்குறைய பத்து வற் சூடு. அன்ரெனா அடியைத் தொட்டுப் பார்த்தேன், கை சுடாவிட்டாலும் இளஞ்சூடாக இருந்தது. கழற்றினால் வளையத்தைச் சுற்றிக் கறள், அதன் நடுவில் பச்சைக் களிம்பு. முதல் மாதம் நன்றாகப் பாடியதன் காரணமும் அங்கேதான் இருக்க வேண்டும். அப்போது அந்தத் தொடுகை இன்னும் கெட்டிருக்காது. ஒரு மாரி மழை பட்ட பிறகு கறள் பிடித்து, தடை ஏறியிருக்கும்.

எஞ்சினோடு ஏறிய இரைச்சலுக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது. எர்த் ஓட்டம் அன்ரெனா உறைக்குள் போனால், ஒல்ரனேற்றரின் சின்னச் சின்ன அலைகளும் சேர்ந்து செற்றின் காதுக்குள்ளேயே போகும். இதற்கு இரைச்சல் வடிகட்டி வாங்கிப் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எர்த்தைச் சரிசெய்ய முன் வடிகட்டி பூட்டுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

சரி, கறுப்பு வயர் எங்கே போகிறது? டாஷ்போட்டைக் கழற்றினேன். ஒரு சின்ன இரும்பு நாக்கில், கறுப்புப் பெயின்ற் உரிக்காமல், ஒரு திருகாணியின் அடியில் அதை வைத்து இறுக்கியிருந்தார்கள். அந்த நாக்கு பூட்டியிருந்தது பிளாஸ்ரிக்கில். பெரிய திரையைச் சுற்றிய சட்டமும் பிளாஸ்ரிக். ஆகச் செற்றின் உடல் இரும்பை எங்குமே தொடவில்லை.

எனக்கு வேலை பழக்கிய ஐயா நினைவுக்கு வந்தார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது பற்றரி வன்னிக்குள் வர விடவில்லை. சனம் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டது. டைனமோவில் இருந்து வருவது ஒரு வயர்தான், மற்ற வயர் சைக்கிளின் உடல். அதனால்தான் டைனமோவின் பிடியில் கூர் முனை வைத்த ஒரு சின்னத் திருகாணி இருக்கும், பெயின்றைக் குத்திக்கொண்டு இரும்பைத் தொடுவதற்கு. ஐயா அந்தத் திருகாணியைக் காட்டித்தான் எனக்கு எர்த் என்றால் என்னவென்று விளங்கப்படுத்தினார். டாஷ்போட்டுக்குள் அந்தப் பெயின்ற் பூசிய நாக்கைப் பார்த்தபோது, அவர் இருந்திருந்தால் முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்திருப்பார் என்று தோன்றியது.

நிறத்தை நம்பிய வயர்கள்

வானோடு வந்த சொக்கற்றை வெட்டி எறிந்திருந்தார்கள். டொயோட்டாவுக்குப் பத்து முனையும் ஆறு முனையுமாக இரண்டு சொக்கற். அதற்கு ஏற்ற இணைப்பு வயர்க்கட்டு கடைகளில் ஆயத்தமாகவே விற்கிறது, ஒரு வயரையும் வெட்டத் தேவையில்லை. வெட்டியதால் வந்த குழப்பம்தான் மிச்சமெல்லாம்.

கடையில் வாங்கும் செற்களில் பெரும்பாலும் மஞ்சள் என்றால் எப்போதும் வரும் 12 வோல்ற், சிவப்பு என்றால் சாவி திருப்பினால் வருவது, கறுப்பு என்றால் எர்த். டொயோட்டாவின் சொந்த வயரிங்கில் வழக்கமாக எர்த் மண்ணிறம், எப்போதும் வருவது மஞ்சள் கோடு போட்ட நீலம், சாவியில் வருவது சாம்பல். அங்கே கறுப்பும் மஞ்சளும் பின் இடது ஸ்பீக்கரின் சோடி, சிவப்பும் வெள்ளையும் பின் வலது ஸ்பீக்கரின் சோடி. நிறத்துக்கு நிறம் முறுக்கினால் எர்த் ஸ்பீக்கருக்குப் போகும், பற்றரி மின்சாரமும் ஸ்பீக்கருக்குப் போகும். பூட்டியவர் முதலில் அப்படித்தான் செய்து பார்த்திருக்கிறார். வெட்டிய நுனிகளில், முறுக்கிப் பிறகு பிரித்த அடையாளம் சுருளாக அப்படியே இருந்தது. செற் எழும்பாமல் போக, ரெஸ்ற் லாம்பை வைத்துத் தேடி, கடைசியில் சிகரெட் லைற்றரிலிருந்து மின்சாரத்தையும் கண்ணில் பட்ட இரும்பிலிருந்து எர்த்தையும் எடுத்திருக்கிறார். தேவையான மண்ணிற வயர், நுனியில் ரேப் சுற்றி, ஒன்றுக்கும் பயன்படாமல் உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது.

மறதிக்கும் காரணம் அதே லைற்றர்தான். மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி அதில் கொடுத்ததால், சாவியை எடுத்ததும் செற்றுக்கு முழு இருட்டு. இப்படி முறுக்குவதற்குப் பின்னால் அநேகமாக ஒரு கதை இருக்கும். கேட்டேன், இருந்தது. முதலில் இரண்டையும் எப்போதும் வரும் வயரில் கொடுத்திருக்கிறார்கள். செற் இரவு முழுக்க விழித்திருந்து, காலையில் பற்றரி இறங்கி, வானைத் தள்ளி ஸ்ராட் பண்ண வேண்டி வந்திருக்கிறது. அதைத் திருத்தப் போய் இதைச் செய்திருக்கிறார்கள்.

மண்ணிற வயரை நிறத்தை நம்பி எடுக்கவில்லை. பழைய எச்4 முன்விளக்குப் பல்ப் ஒன்று இதற்கென்றே என் பெட்டியில் கிடக்கிறது. அதன் 55 வற் இழையின் ஒரு முனைக்குப் பற்றரியிலிருந்து நேரே மின்சாரம், மறு முனை மண்ணிற வயரில். நாலரை அம்பியர் அளவு இழுத்துக்கொண்டு வெள்ளையாக எரிந்தது, இழப்பு 0.05 வோல்ற். இப்படிப் பாரம் ஏற்றிப் பார்த்த வயரைத்தான் நம்பலாம். நீலமஞ்சளையும் சாம்பலையும் அதே மாதிரிச் சோதித்து, செற்றின் மஞ்சளையும் சிவப்பையும் பிரித்துத் தனித்தனியே கொடுத்தேன். ஒவ்வோர் இணைப்பும் ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டது. மஞ்சளில் 15 அம்பியர் பியூஸ். அன்ரெனா அடியை உரகடதாசியால் இரும்பு தெரிய உரஞ்சி, வசிலீன் தடவிப் பூட்டினேன்.

மறுபடி அதே தவில், அதே சத்தம். பற்றரியில் 13.9, செற்றில் 13.71. எர்த் பக்கத்து இழப்பு 0.04. அன்ரெனாவை இழுத்தால் எஃப்எம் மட்டும் போனது, செற் எரிந்துகொண்டே இருந்தது. எஞ்சினோடு ஏறிய "ஈ" இல்லை. வானைக் கொடுத்து அனுப்பினேன்.

நான்காம் நாள்

வான் திரும்பி வந்தது. செற் அணையவில்லை, நிலையங்கள் மறக்கவில்லை. ஆனால் பள்ளத்தில் விழும்போது எல்லா ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் வாயடைத்து, சில விநாடியில் திரும்புகின்றன. பின் வலது ஸ்பீக்கர் கரகரப்பதாக அவர் முதல் நாளே சொன்னதை நான் தனியே சோதிக்காமல் விட்டது என் பிழை. எர்த் சரியானதும் அதுவும் போய்விடும் என்று எடுத்துக்கொண்டேன்.

ஸ்பீக்கர் வயர்களைச் செற்றிலிருந்து பிரித்து அளந்தேன். பின் வலது சோடிக்கு இடையில் 3.6 ஓம், நாலு ஓம் ஸ்பீக்கருக்குச் சரியான அளவு. பிறகு ஒவ்வொரு வயரையும் வான் உடலோடு அளந்தேன். அங்கே தொடுகையே இருக்கக் கூடாது. வெள்ளை வயரில் ஒன்றும் காட்டவில்லை. பின் பக்கத்து உட்பலகையைக் கையால் குத்தினேன், மீற்றர் துள்ளி 1 ஓமுக்கு வந்து போனது.

பலகையைக் கழற்றியபோது முதலில் கொட்டியது நெல். ஒரு பிடி அளவு, பாதி உமி. கூடவே எலிப் புழுக்கை. மாசியில் பெரும்போக அறுவடை நேரம் சீற்றை மடித்துவிட்டு நெல் மூட்டை ஏற்றினாராம். மூட்டையோடு ஏறிய எலி இறங்காமல் அங்கேயே குடியிருந்திருக்கிறது. வெள்ளை வயரின் உறையை ஒரு விரல் நீளத்துக்கு, பென்சில் சீவின மாதிரி, கடித்து உரித்திருந்தது. செம்பு பளபளத்தது. பள்ளத்தில் குலுங்கும்போது அது உடல் இரும்பைத் தொட்டிருக்கிறது.

பழைய செற்களில் ஸ்பீக்கரின் நெகற்றிவை உடலில் கொடுப்பது வழக்கம். மூத்த மெக்கானிக்மாரில் சிலர் இன்னும் அப்படித்தான் செய்கிறார்கள். இப்போதைய செற்களில் அது ஆகாது. உள்ளே இருக்கிற, சத்தத்தைப் பெருக்கும் அம்ப்ளிபயர் ஸ்பீக்கரின் இரண்டு வயரையும் இரண்டு பக்கமிருந்தும் தள்ளி இழுக்கிறது. இரண்டிலும் எப்போதும் பற்றரியின் பாதி, ஆறு ஏழு வோல்ற் நிற்கும். அதில் ஒன்று உடலைத் தொட்டால் குறுஞ்சுற்று. செற் தன்னைக் காக்க எல்லா ஸ்பீக்கரையும் வெட்டிவிடும். பாதுகாப்பு இல்லாத மலிவுச் செற் என்றால் உள்ளே எரிந்தே போகும். வயரை மாற்றி, வளைகுழாய்க்குள் விட்டு, நெல்லை முழுதாகக் கூட்டி எடுத்தேன்.

முன்விளக்கு

மிச்சம் இருந்தது எஃப்எம் இரைச்சல், இரவில் மட்டும். முன்விளக்கைப் போட்டால் வரும், அணைத்தால் போகும். ஒரு சின்னப் பொக்கற் ரேடியோவை நிலையம் இல்லாத இடத்தில் வைத்துப் பொனற்றுக்குக் கிட்டக் கொண்டுபோனேன். எல்இடி பல்ப்பின் பின்னால் தொங்கிய சின்னப் பெட்டியை நெருங்க நெருங்க அது சீறியது. பல்ப்புக்கு வோல்ற்றை மாற்றிக் கொடுக்கும் சுற்று அதற்குள்ளே இருக்கிறது. மலிவான பெட்டிகளில் அது பரப்பும் இரைச்சலை அடக்க ஒரு ஏற்பாடும் கிடையாது. வயரைச் சுற்றி, இரைச்சலை அடக்கும் பெரைற் வளையம் போட்டேன். பாதி குறைந்தது, போகவில்லை.

பழைய பல்ப்பைப் போடுவோம் என்றேன். அண்ணை ஒத்துக்கொள்ளவில்லை. "ராவில ஏ9 றோட்டில மாடு படுத்திருக்கும் தம்பி. பழைய லைற்றில மாடு தெரியாது." அவர் சொல்வது நியாயம். வன்னியில் இரவில் ஓடியவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். அதனால் அவர் ஏன் எல்இடிக்குப் போனார் என்று பார்த்தேன். பழைய எச்4 பல்ப்பைப் போட்டு, எரியும்போது அதன் சொக்கற்றில் அளந்தேன். பற்றரியில் 13.9 இருக்க, பல்ப்புக்கு வந்தது 11.6. இங்கேயும் அதே நோய். இந்தப் பல்ப்புகளுக்கு வோல்ற் பத்து வீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது வீதம் அளவு குறையும். மாடு தெரியாததில் ஆச்சரியமில்லை.

பற்றரியிலிருந்து பியூஸோடு தடித்த வயர், மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலே இரண்டு, புது எர்த். பல்ப்பில் 13.4 வோல்ற். இருட்டிய பிறகு பட்டறைக்கு எதிரே இருந்த மதிலில் வெளிச்சத்தை அடித்துக் காட்டினேன். எல்இடி போட்டபோது எங்கும் சிதறி, எதிரே வருகிறவரின் கண்ணிலும் அடித்த வெளிச்சம், இப்போது மேலே ஏறாமல், ஒரு வெட்டுக்கோட்டோடு வீதியில் விழுந்தது. அண்ணை இரண்டு தடவை டிம் அடித்துப் பார்த்தார். எல்இடியைக் கழற்றித் தாருங்கள் என்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார், ஆனால் பூட்டச் சொல்லவில்லை.

அன்றிரவே இரண்டு பேரும் ஓட்டிப் பார்க்கப் போனோம். முறிகண்டியில் வழக்கம்போல நிறுத்தி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கினோம். கொக்காவிலைத் தாண்டி, மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் வீதியில் போனோம், கோபுரத்துக்கு முதுகு காட்டி. முன்விளக்கு, ஏசி, சத்தம் எல்லாம் போட்டபடி. தூரம் கூடக் கூட நிலையம் கொஞ்சம் மெலிந்தது, அவ்வளவுதான். சீறலும் இல்லை, "ஈ"யும் இல்லை.

காலையில் கடைசி அளவு. சாவியை எடுத்து, கதவுகளைப் பூட்டி, அரை மணித்தியாலம் விட்டு, பற்றரியிலிருந்து வான் சும்மா இழுக்கும் மின்சாரத்தைப் பார்த்தேன். 38 மில்லி அம்பியர். 50 க்குள் இருந்தால் எனக்குத் திருப்தி.

அடுத்த கிழமை அண்ணை ஒரு பையோடு வந்தார். வீட்டில் சாக்குக்குள் கிடந்த இரண்டாவது செற். "இதையும் ஒருக்காப் பார் தம்பி." மேசையில் பற்றரி கொடுத்தேன், எழும்பியது. ஒரு மணித்தியாலம் பாடவிட்டேன். அதிலும் ஒரு பழுதும் இல்லை.